கைபேசியில் ஒரு துபாஷி

டெலிகிராம், வாட்ஸ்அப் உரையாடியோடு மொழிபெயர்ப்புச் சேவையை உழவர்களே இணைப்பது எப்படி? எதை எந்திரத்திடம் விடலாம், எதை விடக்கூடாது?

புதுச்சேரிக்குத் தெற்கே, நம்ம கடலூருக்கு வடக்கே இருக்கிறது வீராம்பட்டினம் மீனவர் கிராமம். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை எத்தனை உயரம் எழும் என்ற விவரம் ஆங்கிலத்தில் கிடைக்கும். அதை எடுத்துத் தமிழாக்கி, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் படித்தார்கள். கேட்டுவிட்டு, கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதை மீனவர்கள் முடிவு செய்தார்கள்.

இதில் மூன்று வேலை இருக்கிறது. தகவலை எடுப்பது ஒன்று, மொழி மாற்றுவது இரண்டு, கேட்பவர் காதில் சேர்ப்பது மூன்று. அன்று மூன்றையும் மனிதர்கள் செய்தார்கள். இன்று இந்த மூன்றையும் ஒரு கைபேசிக்குள் கோத்துவிட முடிகிறது. அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

இயற்கை விவசாயிக்கு இது எதற்கு என்று சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்வி. நம்மிடம் வரும் தகவலில் பாதிக்கு மேல் வேறு மொழியில் பிறந்தது. வானிலை அறிக்கை ஆங்கிலத்தில் பிறக்கிறது. பங்கேற்புச் சான்றிதழ் படிவங்களும் விதிகளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும். வடக்கே இருந்து பாரம்பரிய அரிசி கேட்கும் வியாபாரி இந்தியில் பேசுகிறார். நடவுக்கு வரும் ஆள்கள் வங்காளத்தில் பேசுகிறார்கள். மாசானோபு ஃபுகுவோகாவின் வைக்கோல் புரட்சியே ஜப்பானிய மொழியில் பிறந்து, ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்ததுதானே. நடுவில் யார் நின்று மொழி மாற்றுகிறார்கள் என்பது நமக்கு எப்போதும் முக்கியம்.

இந்தக் கரைக்கு அது புதிதும் இல்லை. கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் வெள்ளைக்காரனுக்கும் நெசவாளிக்கும் நடுவில் நின்றவரைத் துபாஷி என்றார்கள், அதாவது இரண்டு மொழி தெரிந்தவர். துய்ப்ளெக்ஸிடம் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அவர்களில் பெயர் பெற்றவர். துபாஷி சொன்னதுதான் இரு தரப்புக்கும் உண்மை. அவர் ஒரு வார்த்தையை மாற்றினால் விலையே மாறும். இப்போது அந்த இடத்தில் எந்திரம் வந்து உட்காரப் பார்க்கிறது.

நாட்டில் நடந்துகொண்டிருப்பது

ஒன்றிய அரசின் 'பாஷிணி' திட்டம் 2022 ஜூலையில் தொடங்கப்பட்டது. பேச்சை எழுத்தாக்குவது, எழுத்தை மொழி மாற்றுவது, எழுத்தைப் பேச்சாக்குவது ஆகிய மூன்றையும் இந்திய மொழிகளுக்குப் பொதுச் சேவையாகக் கொடுப்பது அதன் நோக்கம். அதே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் 'ஏஐ4பாரத்' குழுவுக்கென நீலேகனி மையம் திறக்கப்பட்டது. 2023இல் அந்தக் குழு வெளியிட்ட 'இண்டிக்டிரான்ஸ்2' அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்கும் வேலை செய்கிறது. 2023 டிசம்பரில் காசித் தமிழ்ச் சங்கமத்தில் பிரதமரின் இந்திப் பேச்சை உடனுக்குடன் தமிழில் கேட்க வைத்ததும் பாஷிணிதான்.

இந்தச் சேவையைக் கைபேசி உரையாடியோடு கோத்த வேலைக்கு நல்ல எடுத்துக்காட்டு 'ஜுகல்பந்தி'. 2023இல் வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு எண்ணுக்குக் கிராமத்துக்காரர் தன் மொழியில் குரல் பதிவு அனுப்புவார். குரல் முதலில் எழுத்தாகிறது. எழுத்து ஆங்கிலமாகிறது. அந்த ஆங்கிலக் கேள்விக்கு அரசுத் திட்ட ஆவணங்களில் பதில் தேடப்படுகிறது. கிடைத்த பதில் திரும்பவும் அவர் மொழிக்கு மாறி, குரலாகி அவர் கைக்கு வருகிறது. அரியானாவின் பிவான் கிராமத்தில் முதலில் சோதித்தார்கள்.

அதே 2023 செப்டம்பரில் பி.எம். கிசான் திட்டத்துக்கு 'கிசான் இ-மித்ரா' வந்தது. தொடக்க மொழிகளில் தமிழும் ஒன்று. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. தவணை ஏன் வரவில்லை, பதிவு எந்த நிலையில் இருக்கிறது போன்றவற்றைக் கேட்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். தவணை வந்ததா என்ற கேள்விக்குப் பதில் ஒரு பதிவேட்டில் இருக்கிறது. மொழி கொஞ்சம் கோணலாக வந்தாலும் அர்த்தம் புரிந்துவிடும். 'நெல்லில் ஆனைக்கொம்பன் வந்திருக்கு, என்ன செய்ய?' என்ற கேள்வி அப்படி இல்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒரு முறையும், திரும்பி வரும்போது ஒரு முறையும் தவற இடம் இருக்கிறது. நடுவில் பதில் சொல்லும் எந்திரம் படித்த புத்தகமோ பெரும்பாலும் ரசாயனப் புத்தகம். நாம் மஞ்சள் நிறம் பற்றிக் கேட்டால் அது யூரியா பற்றிச் சொல்லும்.

அதனால் நம்ம தேவைக்கு நாமே ஒரு சின்ன இணைப்பைச் செய்துகொள்வது நல்லது. மொழியை மட்டும் எந்திரத்திடம் கொடுத்துவிட்டு, பதிலை நம்ம கையில் வைத்துக்கொள்ளலாம்.

காசோலை போகும் பாதை

நிரல் எழுதாமல், திரையில் பெட்டிகளை இழுத்து வைத்துக் கோடு போட்டு இணைக்கும் கருவிகள் இருக்கின்றன. சேப்பியர், மேக், என்-எய்ட்-என் என்று பெயர்கள். வாட்ஸ்அப்புக்கென்றே தொண்டு நிறுவனங்களுக்காக நம் நாட்டில் உருவான 'கிளிஃபிக்' என்ற திறந்த மூலத் தளமும் உண்டு.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவனுக்கு இது புரியச் சிரமமே இல்லை. காசோலை ஒன்று கவுன்டருக்கு வருகிறது. முதல் மேசையில் வாங்கி முத்திரை போடுவார்கள். அடுத்த மேசையில் கையெழுத்தைச் சரி பார்ப்பார்கள். அடுத்ததில் கணக்கில் பதிவார்கள். கடைசியில் அதிகாரி ஒப்புதல் கொடுப்பார். ஒவ்வொரு மேசைக்கும் ஒரே வேலை. முடிந்ததும் தாள் அடுத்த மேசைக்கு நகரும். இந்தக் கருவிகளில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு மேசை. அவ்வளவுதான்.

டெலிகிராமில் தொடங்குவது எளிது, செலவும் இல்லை. படிப்படியாகச் சொல்கிறேன்.

1. டெலிகிராமில் 'பாட்ஃபாதர்' என்று தேடினால் அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கணக்கு வரும். பெயருக்குப் பக்கத்தில் நீலக் குறி இருக்கிறதா பாருங்க. புது உரையாடி வேண்டும் என்ற கட்டளை கொடுத்தால் பெயர் கேட்கும். முடிவில் நீளமான ஒரு சாவிக்குறி தரும். அது ஏ.டி.எம். ரகசிய எண் மாதிரி. அது கையில் இருப்பவர் உங்கள் உரையாடியின் பெயரில் எதுவும் அனுப்பலாம். குழுவில் போடாதீங்க, படம் எடுத்தும் அனுப்பாதீங்க.

2. என்-எய்ட்-என் கருவியில் முதல் பெட்டியாக டெலிகிராம் பெட்டியை வைத்து அந்தச் சாவிக்குறியைக் கொடுக்கணும். செய்தி வந்ததும் இந்தப் பெட்டிக்கு மணி அடிக்கும். இதைத்தான் வெப்ஹூக் என்கிறார்கள். வாசலில் வந்தவர் அழைப்பு மணி அடிப்பது போல; நாம் நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

3. இரண்டாவது பெட்டி பிரிக்கும் பெட்டி. வந்தது எழுத்தா, குரலா? தமிழா, வேறு மொழியா? அதற்கேற்ற கிளையில் அனுப்பும். தமிழ்க் கேள்விக்குத் தமிழிலேயே பதில் தயாராக இருந்தால் அந்தக் கிளையில் மொழிபெயர்ப்பே வேண்டாம். இருக்கும் பதிலை எடுத்துக் கொடுத்தால் போதும்.

4. மூன்றாவது பெட்டி மொழிபெயர்ப்புச் சேவையை அழைக்கும். பாஷிணி என்றால் முதலில் பதிவு செய்து சாவி வாங்கணும். ஒரு முறை அழைத்து எந்தச் சேவை, எந்த முகவரி என்று கேட்டுக்கொண்டு, இரண்டாவது முறை அழைக்கும்போதுதான் வேலை நடக்கும். கூகுளுக்கு அந்தக் கருவியில் ஆயத்தப் பெட்டியே இருக்கிறது.

5. நான்காவது, தேடும் பெட்டி. கூகுள் விரிதாள் ஒன்றில் நம் கேள்வி பதில்கள் இருக்கும். முக்கியச் சொல்லை வைத்து அந்த வரிசையை எடுத்து வரும்.

6. ஐந்தாவது, திருப்பி அனுப்பும் பெட்டி. கேட்டவருக்கு அவர் மொழியில் பதில் போகும்.

குரல் பதிவுக்கு ஒரு பெட்டி கூட வேண்டும். டெலிகிராம் குரல் பதிவு ஓப்பஸ் வடிவத்தில் வருகிறது. பல பேச்சுணர் சேவைகள் வேவ் வடிவம் கேட்கும். நடுவில் மாற்றிக் கொடுக்கணும். இந்த இடத்தில் தெரிந்த ஒரு பிள்ளையை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்க. அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் தேடினால் அப்படிப்பட்ட பிள்ளைகள் கிடைப்பார்கள். நம்மாழ்வார் வேளாண்மை படித்த வளாகம்தானே அது.

குழுவுக்குள் உரையாடியைச் சேர்த்தால் இன்னொரு விஷயம். இயல்பாக அது குழுவில் பேசும் எல்லாவற்றையும் படிக்காது; தன்னை அழைத்த செய்தியையும் கட்டளையையும் மட்டும் பார்க்கும். அப்படியே விட்டுவிடுவது நல்லது. நம்ம ஊர்ப் பேச்சு முழுவதும் வெளிச் சேவைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

வாட்ஸ்அப்தான் எல்லார் கையிலும் இருக்கு, அதில் முடியாதா? முடியும். ஆனால் சாதாரண வாட்ஸ்அப்பிலோ கடைக்காரர்கள் வைக்கும் பிசினஸ் செயலியிலோ நேரடியாக முடியாது. 2022 மேயில் எல்லாருக்கும் திறக்கப்பட்ட கிளவுட் இணைப்பு வழியாகப் போகணும். தனி எண், நிறுவனச் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. உழவர் எழுதிய 24 மணி நேரத்துக்குள் நாம் சுதந்திரமாகப் பதில் எழுதலாம். அதற்குப் பிறகு நாமாக எழுதணும் என்றால் முன் ஒப்புதல் பெற்ற வாசகம் மட்டும்தான், அதற்குக் கட்டணமும் உண்டு. குறுக்கு வழியில் இணைத்துத் தருகிறேன் என்று சொல்பவரை நம்பினால் எண்ணே முடக்கப்படலாம்.

செலவுக் கணக்கு

டெலிகிராம் உரையாடிக்குக் கட்டணம் இல்லை. என்-எய்ட்-என் கருவியைச் சொந்தமாக நிறுவி நம் உள்வேலைக்குப் பயன்படுத்தினால் உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் எப்போதும் விழித்திருக்கும், பாதுகாப்பான இணைய முகவரி உள்ள ஒரு கணினி வேண்டும். வாடகைக்கு எடுக்கலாம். பத்துப் பேர் பங்கு போட்டால் தாங்கும்.

கூகுளின் மொழிபெயர்ப்பு இணைப்பில் மாதம் முதல் 5 லட்சம் குறிகளுக்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு 10 லட்சம் குறிகளுக்கு 20 டாலர். குறி என்பது நாம் எண்ணும் எழுத்து இல்லை, கவனிங்க. 'வேப்பங்கொட்டை' நமக்கு 7 எழுத்து. கணினிக்கு மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி. ஆக 13 குறி. கேள்விக்கு 120, பதிலுக்கு 480 என்று வைத்தால் ஒரு உரையாடலுக்கு 600. 5 லட்சத்தில் 800 உரையாடல் தாராளமாக நடக்கும். ஒரு வட்டாரக் குழுவுக்கு இது அதிகம்.

செலவு என்றால் இது மட்டும்தான். கவனம் செலவழிக்க வேண்டிய இடம் வேறு.

சொல் பிசகினால் பயிர் பிசகும்

நம்ம வயல் சொற்களை எந்திரத்திடம் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நெல்லைத் தாக்கும் புகையான் அதற்குப் புகை விடும் ஆள். ஆனைக்கொம்பன் யானைத் தந்தம். தாளடி என்றால் தாளை அடிப்பது. மாப்பிள்ளைச் சம்பா கல்யாண மாப்பிள்ளை. மறுபக்கம் ஆங்கிலத்தில் குலைநோய்க்குச் சொல்லும் 'பிளாஸ்ட்' தமிழுக்கு வரும்போது குண்டுவெடிப்பாகலாம். சிரிக்கலாம். சிரிப்புக்குள் அடங்காதவையும் இருக்கு.

'ரெண்டு மாவுக்கு எவ்வளவு விதை?' என்று டெல்டாக்காரர் கேட்கிறார். 100 குழி ஒரு மா, ஏறத்தாழ 33 சென்ட். எந்திரம் அதை மாம்பழமாகவோ அரிசி மாவாகவோ எடுத்துக்கொள்ளும். வடக்குப் பக்கத்துக்காரர் காணிக் கணக்கில் கேட்பார். ஒரு காணி 1.32 ஏக்கர். அளவு புரியாமல் வரும் பதில் தவறு என்றே தெரியாமல் வயலுக்குப் போய்விடும்.

பஞ்சகவ்யா 3 சதவீதம் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் என்றால் 10 லிட்டருக்கு 500 கிராம் பருப்பு. நம்ம ஆள்கள் 'டேங்குக்கு எவ்வளவு' என்றுதான் கேட்பார்கள். கைத்தெளிப்பான் 10 லிட்டர், பேட்டரித் தெளிப்பான் பலதும் 16 லிட்டர். 'ஒன்றரை', 'முக்கால்' எல்லாம் குரலிலிருந்து எழுத்தாகும்போதே தடுமாறும்.

மழை அறிக்கையைப் பாருங்க. வானிலைத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிக கனமழை, 204.5 முதல் அதி கனமழை. ஆங்கிலத்தில் 'வெரி', 'எக்ஸ்ட்ரீம்லி' என்ற இரண்டு சொல்தான் பின்னிரண்டையும் பிரிக்கிறது. எந்திரம் இரண்டையும் 'மிகவும் கனமழை' என்று எழுதிவிட்டால், வடிகால் வாய்க்காலை இன்று ராத்திரியே வெட்டிவிடணுமா, காலையில் பார்த்துக்கொள்ளலாமா என்ற முடிவு தப்பாகும். 2011 தானே, 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் எல்லாம் பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரரிடம் அந்த ராத்திரியின் விலை என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 'ஓரிரு இடங்களில்' என்று வர வேண்டியது 'தனிமைப்படுத்தப்பட்ட இடங்களில்' என்று வந்தால், ஏதோ தொற்றுநோய் என்று நினைப்பார்கள்.

சொல் மேசை

இதற்குத் தீர்வு இருக்கு. மொழிபெயர்ப்புப் பெட்டிக்கு முன்னால் ஒரு மேசையும் பின்னால் ஒரு மேசையும் போடணும்.

விரிதாளில் மூன்று பத்தி. முதலில் நம்ம சொல், அடுத்து ஆங்கிலத்தில் அதற்குச் சரியான பெயர், மூன்றாவதில் திரும்பி வரும்போது வர வேண்டிய தமிழ். ஆனைக்கொம்பன் என்று வந்தால், மொழிபெயர்ப்புக்குப் போகும் முன்பே அந்த ஈயின் ஆங்கிலப் பெயரை வைத்துவிடும். மா, காணி, வேலி எல்லாம் அங்கேயே ஏக்கராகவும் சென்ட்டாகவும் மாறிவிடும். நெல் ரகப் பெயர்களை மொழிபெயர்க்கக் கூடாது. தூயமல்லி தூயமல்லியாகவே போகணும். எண்களை அடையாளக் குறியால் மூடி அனுப்பி, திரும்பி வந்ததும் அதே எண்ணை அதே இடத்தில் வைக்கலாம். கூகுள் போன்ற சேவைகளில் நம் சொற்பட்டியலை அவர்களிடமே ஏற்றிவைக்கும் வசதியும் கட்டணப் பிரிவில் உண்டு.

இந்தப் பட்டியல் எந்த நிறுவனமும் தயாரித்துத் தர முடியாதது. சிதம்பரம் வட்டத்தில் ஒரு களைக்கு ஒரு பெயர், பண்ருட்டி பக்கம் அதற்கே வேறு பெயர். இரண்டும் நம்மிடம்தான் இருக்கு.

ஒருவர் எழுத, ஒருவர் பார்க்க

வங்கியில் ஒரு பழைய சட்டம் உண்டு. பதிவு போடுபவர் ஒருவர், பார்த்து ஒப்புதல் தருபவர் இன்னொருவர். ஒரே கை இரண்டையும் செய்யக்கூடாது. கணினி வந்த பிறகும் இந்தச் சட்டம் போகவில்லை.

உரையாடியிலும் அதையே வைக்கலாம். அளவு, நாள், நோய் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று பதிலில் இருந்தால், அது நேரே போகக்கூடாது. குழுவின் அனுபவசாலி ஒருவர் கைபேசிக்கு முதலில் வரணும். அவர் பார்த்து 'சரி' என்று அழுத்தின பிறகே கேட்டவருக்குப் போகணும். என்-எய்ட்-என் கருவியில் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பெட்டி ஆயத்தமாகவே இருக்கிறது. கூட்டம் எங்கே, விதைத் திருவிழா எப்போது, படிவம் எங்கே கிடைக்கும் என்பதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

விரிதாளில் பதில் இல்லாத கேள்விக்கு எந்திரம் தானாக எதையும் சொல்லக்கூடாது. 'இதற்குக் குழுவில் கேட்டுச் சொல்கிறோம்' என்று ஒரு வரி போதும். அவசரம் என்றால் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணைக் கொடுக்கலாம். 2004 ஜனவரியிலிருந்து இருக்கிறது. தமிழில் மனிதரே பேசுவார். ஆனால் இயற்கை வழி வேண்டும் என்று நாம்தான் சொல்லிக் கேட்கணும்.

நடவு வயலில் வங்காளம்

இந்த இணைப்பால் உடனடிப் பயன் எங்கே என்று கேட்டால், நான் நடவு வயலைக் காட்டுவேன். மேற்கு வங்கத்திலிருந்து நடவு ஆள்கள் குழுவாக டெல்டாவுக்கு வருகிறார்கள். ஏக்கர் கணக்கில் பேசி, வேகமாக நட்டுவிட்டுப் போகிறார்கள். மேஸ்திரி ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் தமிழோ இந்தியோ தெரியும். மீதிப் பேருக்கு சைகைதான்.

நாம் கேட்பதோ வழக்கத்துக்கு மாறான நடவு. திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, 25க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி. நடும் முன் நாற்று வேரை அசோஸ்பைரில்லம் கரைசலில் கால் மணி முதல் அரை மணி நேரம் நனைக்கணும். இதை மேஸ்திரி அரைகுறையாகக் கடத்தினால், மூன்று நான்கு நாற்றாகச் சேர்த்துக் குத்திவிட்டுப் போவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த வாசகங்கள் பத்துப் பதினைந்துதான். தமிழில் பேசி, வங்காளக் குரலாக்கி, வங்காளம் தெரிந்த ஒருவர் ஒரு தரம் கேட்டுச் சரி என்ற பிறகு விரிதாளில் பூட்டிவிடலாம். பிறகு ஒவ்வொரு நடவுக்கும் அதையே போடலாம். அவர்கள் கேட்பதை நாம் புரிந்துகொள்ளவும் அதே வழி. நாற்றுக்கு அவர்கள் 'சாரா' என்பார்கள், நெல்லுக்கு 'தான்'. கேட்கக் கேட்க நமக்கும் வந்துவிடும்.

ஒரு நுட்பம் சொல்லணும். தமிழிலிருந்து வங்காளத்துக்குப் போகும் பாதை பல சேவைகளில் ஆங்கிலம் வழியாகத்தான். நாம் 'வாங்க, உட்காருங்க' என்று சொன்னதை ஆங்கிலம் 'யூ' என்று சுருக்கிவிடும். வங்காளத்தில் மரியாதைக்கு 'ஆப்னி', பழகியவருக்கு 'துமி', அதற்கும் கீழே 'துய்' என்று மூன்று படி உண்டு. எந்தப் படியில் இறங்குகிறது என்பது எந்திரத்தின் விருப்பம். 2,000 கிலோமீட்டர் போல் தள்ளி வந்து நம்ம சேற்றில் நிற்கும் அம்மாவை, அக்காவை 'வாடி, போடி' என்று நம்ம கைபேசி கூப்பிடக்கூடாது. பூட்டும் முன் அதைக் கேட்டுப் பாருங்க. ஆங்கிலத்தைத் தொடாமல் இந்திய மொழிக்கு இந்திய மொழி நேராக மாற்றும் வடிவமும் இண்டிக்டிரான்ஸ்2இல் உண்டு. அதை விசாரித்துப் பயன்படுத்துவது நல்லது.

கூலி, வேலை நேரம், சாப்பாடு, அடிபட்டால் என்ன செய்வது, இவையும் அந்தப் பதினைந்து வாசகங்களில் இருக்கணும். வேலை வாங்க மட்டும் மொழி கற்றால் அது பாதி மொழி.

பூட்டு போட வேண்டிய இடங்கள்

வங்கிக்காரன் இதைச் சொல்லாமல் முடிக்க மாட்டான்.

ஆதார் எண், பட்டா எண், கணக்கு எண், ஓ.டி.பி. எதுவும் உரையாடிக்குள் போகக்கூடாது. தவறி அனுப்பினால் அந்தச் செய்தி மொழிபெயர்ப்புக்குப் போகாமல் தடுக்க பிரிக்கும் பெட்டியிலேயே விதி போடலாம். தொடர்ந்து 12 இலக்கம் வந்தால் நிறுத்து, அவ்வளவுதான்.

பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை யாரும் திறக்காதீங்க. அதைத் திறந்து கணக்குக் காலியானவர்கள் உண்டு. திட்டத்தின் சேவையை அதன் அரசு இணையதளம் வழியாக மட்டும் அணுகணும். நம்ம உரையாடியும் ஒருபோதும் கோப்பு அனுப்பாது, பணம் கேட்காது என்று முதல் வாழ்த்துச் செய்தியிலேயே எழுதிவைக்கணும்.

கேள்விகளைச் சேமித்தால் எத்தனை நாள், யார் பார்ப்பார்கள் என்பதைக் குழு முடிவு செய்து சொல்லணும். 2023இல் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், எந்த வயலில் எப்போது எந்த நோய் வந்தது என்ற விவரம் மருந்துக் கடைக்காரருக்குத் தங்கம். அது நம்ம பதிவேடு. நம்மிடமே இருக்கணும்.

இந்தச் சம்பாவுக்குள் செய்யக்கூடியது

ஒரு ஊர்க் குழு இதைத் தொடங்க வேண்டுமானால் வரிசை இப்படி இருக்கலாம்:

• முதல் மாதம் எந்திரத்தைத் தொடவே வேண்டாம். ஒரு நோட்டில் பூச்சி, நோய், களை, அளவு, பருவம் ஆகிய ஐந்து தலைப்பில் ஊர்ச் சொற்களை எழுதுங்க. வயதானவர்களையும் பெண்களையும் கேளுங்க. களைப் பெயர் அவர்களிடம்தான் அதிகம்.

• அடுத்து, குழுவில் அடிக்கடி வரும் 50 கேள்விகளுக்கு நம் அனுபவசாலிகள் சரி பார்த்த பதிலைத் தமிழில் எழுதி விரிதாளில் ஏற்றுங்க. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் இயற்கை வேளாண்மைப் பகுதி தமிழிலேயே இருக்கிறது, ஒப்பிட்டுக்கொள்ள உதவும்.

• பிறகு டெலிகிராமில் ஐந்து பேரோடு மட்டும் சோதனை. ஒவ்வொரு தப்பையும் சொற்பட்டியலில் ஒரு வரியாகச் சேருங்க.

• நடவுக்கு முன் வங்காள வாசகங்களைத் தயார் செய்யுங்க.

• ஒப்புதல் தருபவர் இரண்டு பேராவது இருக்கட்டும். ஒருவர் ஊருக்குப் போனால் வேலை நிற்கக்கூடாது.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது புதுச்சேரிக் கரையில் நல்லவாடு கிராமம் தப்பியதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள், ஊரே மேட்டுக்கு ஓடியது. அங்கே கருவி தயாராக இருந்தது. சேதியை நம்பி அந்தக் கருவியைக் கையில் எடுக்க ஊரில் ஆளும் இருந்தார்கள்.

சொற்பட்டியல் தொடங்கிய குழுக்கள் அதன் நகலை நம் இதழ் அலுவலகத்துக்கு அனுப்பினால், ஒரு மாவட்டத்தின் சொல்லை அடுத்த மாவட்டத்தோடு ஒப்பிட்டு அச்சிடலாம். கையால் எழுதியதே போதும்.